பட்டியலில் பெயரில்லாத பாகங்கள்

பரீட்சை முடிவுகள் வெளியாகி, பிள்ளைகள் கல்லூரிக்குப் புறப்படும் மாதங்களில் நம் நடுத்தரக் குடும்பங்களில் நடைபெறும் ஆலோசனைகளுள் கணினி வாங்குவதும் ஒன்றாகிவிட்டது. தகப்பனாரிடம் படிப்புக்கு என்றும், சிநேகிதர்களிடம் விளையாட்டுக்கு என்றும் சொல்லப்படுகிற அந்த யந்திரத்துக்காக ஐம்பதாயிரமோ அறுபதாயிரமோ ஒதுக்கப்படுகிறது. அநேக வீடுகளில் அது பல மாதச் சேமிப்பு, சில வீடுகளில் இனிமேல்தான் தவணை தவணையாகச் சம்பாதித்துக் கட்ட வேண்டிய கடன். விளையாடுவது தகுமா தகாதா என்ற விசாரணையில் நான் இறங்கப் போவதில்லை. தாயமும் சீட்டும் ஆடிப் பொழுதைப் போக்கிய பாட்டனார்களின் பேரப்பிள்ளைகள் வேலரன்ட் என்ற கணினி விளையாட்டை ஆடுவதனால் உலகத்தில் புதிதாக ஓர் அதர்மம் புகுந்துவிட்டதாக எனக்குத் தோன்றவில்லை. என் விசாரம் வேறு. இவ்வளவு பணம் கொடுத்து வாங்குகிற பெட்டிக்குள் இன்னின்ன பாகங்கள் இருக்கின்றன என்று எழுத்திலே சொல்ல வேண்டிய கடமை தமக்கு இருப்பதாக விற்பவர்களில் அநேகர் நினைப்பதில்லை. எழுதிக் கொடுங்கள் என்று கேட்கும் வழக்கமும் வாங்குகிற நம்மிடம் இல்லை.

முன்கூட்டியே பூட்டித் தயார் நிலையில் விற்கப்படும் கேமிங் பி.சி.க்களின் விளம்பரங்கள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை. ஐ7 பிராசஸர், 16 ஜி.பி. ரேம், 512 ஜி.பி. எஸ்.எஸ்.டி., 4 ஜி.பி. கிராபிக்ஸ் கார்டு, வண்ண விளக்குகள் எரியும் கேபினெட் என்று இருக்கும். இதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யாக இராது. ஆயினும் இதை எத்தனை முறை படித்தாலும் அந்த யந்திரம் எத்தகையது என்று சர்வேசுவரனாலும் சொல்ல முடியாது. ஐ7 என்பது 2008-ஆம் ஆண்டிலிருந்து இன்டெல் கம்பெனி வழங்கிவரும் ஒரு குலப்பெயர். 2011-இன் தொடக்கத்தில் வந்த ஐ7-2600 அந்தக் குலத்தைச் சேர்ந்தது. பதினோரு ஆண்டு கழித்து, 2022-இல் வந்த ஐ3-12100 அதே கம்பெனியின் கீழ்ப்படிச் சரக்கு. இரண்டிலும் இருப்பவை நான்கு கோர்களே என்றாலும், வேகத்தில் பின்னது முன்னதை வெகுதூரம் விஞ்சிவிடும். மூன்றைவிட ஏழு பெரிது என்று பள்ளிக்கூடத்தில் கற்ற கணக்கை நம்பி, பழைய ஏழுக்கு அதிகப் பணம் கொடுத்து வருகிறவர்களின் மேல் குற்றம் சொல்வதற்கில்லை.

அலுவலகங்கள் கழித்துவிட்ட யந்திரங்களைத் துடைத்து, புதிய கேபினெட்டில் மாட்டி, கண்ணாடிக் கதவுக்குப் பின்னே விளக்கெரிய விட்டு, கேமிங் என்ற பட்டத்தையும் சூட்டி விற்பது ஒரு பெரிய வியாபாரமாக நடந்து வருகிறது. பழையதைப் பழையது என்று சொல்லி, அதற்குரிய விலைக்கு விற்றால் அது ஏழைக்குச் செய்யும் உபகாரமே. சொல்லாமல் விற்பதுதான் உபத்திரவம். ஏனெனில் விண்டோஸ் 11, இன்டெல்லின் எட்டாம் தலைமுறைக்கு முந்திய பிராசஸர்களை முறைப்படி ஏற்பதில்லை. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் அளித்துவந்த வழக்கமான ஆதரவோ 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் முடிவடைந்துவிட்டது. விண்டோஸ் 11-இல் வேலரன்ட் ஆட வேண்டுமானால் டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் யந்திரத்தில் இருந்தாக வேண்டும். எந்த விளையாட்டுக்காக வாங்கினானோ அந்த விளையாட்டே கதவைச் சாத்தினால், பையன் யாரிடம் போய் முறையிடுவான்?

பிராசஸரைப் பற்றிய மயக்கமாவது தலைமுறை எண்ணைக் கேட்டவுடன் தெளிந்துவிடும். கிராபிக்ஸ் கார்டின் விஷயம் இன்னும் சூட்சுமமானது. விளையாட்டுக்கென்று வாங்குகிற யந்திரத்தில் எந்தப் பாகத்துக்குப் பணத்தின் பெரும்பங்கு போக வேண்டுமோ, அந்தப் பாகத்திலேதான் ஒரே பெயரைத் தாங்கிய இரண்டு பொருள்கள் சந்தையில் உலவுகின்றன. 4 ஜி.பி. கார்டு என்றால் அது 2014-இல் வந்த ஜி.டி. 730 ஆகவும் இருக்கலாம், 2019-இல் வந்த ஜி.டி.எக்ஸ். 1650 ஆகவும் இருக்கலாம். இரண்டுக்கும் மடுவுக்கும் மலைக்கும் உள்ள வித்தியாசம் என்பதை அந்த 4 ஜி.பி. என்ற அளவு காட்டிக்கொடுக்காது. சரி, முழுப்பெயரையே கேட்டு வாங்குவோம் என்றால், அங்கும் நிம்மதி இல்லை. ஜி.டி. 1030 என்ற கார்டு 2017-இல் ஜி.டி.டி.ஆர்.5 மெமரியுடன் வந்தது. அடுத்த ஆண்டே டி.டி.ஆர்.4 மெமரியுடன் அதே பெயரில் இன்னொன்று வந்தது. முன்னதில் ஒரு விநாடிக்கு 48 ஜி.பி. தகவல் பாய்கிற இடத்தில், பின்னதில் பாய்வது 17 ஜி.பி.க்கும் குறைவு. 2022-இல் வந்த ஆர்.டி.எக்ஸ். 3050-இல் 8 ஜி.பி. மெமரியும் 2,560 கோர்களும் இருந்தன. 2024-இல் அதே பெயரில் வந்ததில் மெமரி 6 ஜி.பி.யாகவும் கோர்கள் 2,304 ஆகவும் குறைந்து, மெமரிக்குப் போகும் பாதையும் 128 பிட்டிலிருந்து 96 பிட்டாகக் குறுகிவிட்டது. படிக்கிறவர் குறைந்தது மெமரி மட்டுமே என்று எண்ணிக்கொள்வார். ஒரு நியாயத்துக்காக இதையும் சொல்லிவிட வேண்டும்: அந்தச் சிறிய 3050, 70 வாட்டுக்குள் அடங்குவது, தனியாக மின்கம்பி எதுவும் கேட்காதது, கையில் ஏற்கெனவே ஒரு பழைய யந்திரம் உள்ளவனுக்கு அதைவிடச் சௌகரியமான கார்டு கிடைப்பது அரிது. பொருளின்மேல் எனக்குக் குறையில்லை. பெயர்தான் குறை.

இந்தப் பெயர் மாறாட்டம் கேட்பாரற்றுப் போக வேண்டியதில்லை என்பதற்கும் ஒரு திருஷ்டாந்தம் உண்டு. 2022 செப்டம்பரில் என்விடியா கம்பெனி, ஆர்.டி.எக்ஸ். 4080 என்ற பெயரில் 16 ஜி.பி. கார்டு ஒன்றையும் 12 ஜி.பி. கார்டு ஒன்றையும் அறிவித்தது. இரண்டும் உள்ளுக்குள் வெவ்வேறு சிப்புகள். உலகெங்கும் வாங்குகிறவர்களும் விமரிசகர்களும் எழுப்பிய கூச்சலில், அடுத்த மாதமே 12 ஜி.பி. கார்டை அந்தக் கம்பெனி விலக்கிக்கொண்டது. 2023 ஜனவரியில் அதே சரக்கு, ஆர்.டி.எக்ஸ். 4070 டி.ஐ. என்ற பெயரில், விலையும் சற்றுக் குறைந்து வந்தது. ஆயிரம் டாலர் கொடுக்கக்கூடியவர்கள் கூச்சலிட்டார்கள், காரியம் நடந்தது. ஜி.டி. 1030 வாங்குகிறவனுக்காக அப்படி எந்தக் கம்பெனியும் பின்வாங்கவில்லை.

இனி, அறுபதாயிரத்தைக் கையில் வைத்திருப்பவன் என்ன செய்வது என்று கேட்டால், எந்த விளையாட்டு என்பதைத்தான் முதலில் அவனிடம் கேட்பேன். வேலரன்ட், கௌன்டர் ஸ்ட்ரைக் போன்றவற்றோடு திருப்தியடைகிறவனுக்கு, தனிக் கார்டே இல்லாமல், சித்திரம் வரையும் சக்தியையும் தன்னுள்ளேயே வைத்திருக்கும் ரைசன் 5 5600ஜி போன்ற பிராசஸர் ஒன்று போதும். மீந்த பணத்தை வைத்திருந்து, பின்னொரு நாள் கார்டு வாங்கிச் செருகிக்கொள்ளலாம். அப்படியின்றி, பெரிய விளையாட்டுகளின் மேல் ஆசையிருந்தால், மொத்தத் தொகையில் மூன்றிலொரு பங்குக்குக் குறையாமல் கார்டுக்கே கொடுக்க வேண்டும் என்பதும், அதில் 8 ஜி.பி. மெமரிக்குக் கீழே இறங்கக்கூடாது என்பதும், ரே டிரேசிங் என்கிற ஒளிக்கணக்கைச் செய்யும் வன்மை அதற்கு இருக்க வேண்டும் என்பதும் என் அபிப்பிராயம். கடைசியாகச் சொன்னதை ஆடம்பரம் என்று சில காலம் ஒதுக்க முடிந்தது. 2024 டிசம்பரில் வந்த இண்டியானா ஜோன்ஸ் விளையாட்டு, அந்த வன்மையில்லாத கார்டுகளைத் தன் தகுதிப் பட்டியலிலேயே சேர்த்துக்கொள்ளவில்லை. திரை 1080பி போதும். அதிலுள்ள புள்ளிகள் இருபது லட்சத்துக்குச் சற்று அதிகம். 4கே திரையில் அதைப்போல் நான்கு மடங்கு. ஒவ்வொரு புள்ளியையும் விநாடிக்கு அறுபது தடவை வரைய வேண்டியது அந்தக் கார்டுதான் என்பதை நினைத்தால், சிறிய கார்டின் தலையில் பெரிய திரையைக் கட்டுகிற அவிவேகம் ஒருவருக்கும் வராது.

எந்த விளம்பரத்திலும் பெயர் காணாத ஒரு பாகத்தைப் பற்றி இங்கே கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். கடைக்காரர்கள் எஸ்.எம்.பி.எஸ். என்று அழைக்கும் அந்தத் தகரப் பெட்டி, சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மின்சாரத்தை வாங்கி, 12, 5, 3.3 வோல்ட் என்று சிறு சிறு நேர்மின்னோட்டங்களாக்கி மற்ற எல்லாப் பாகங்களுக்கும் ஊட்டுவது. அது நன்றாக இருக்கும்வரை அப்படியொன்று இருப்பதே நமக்குத் தெரியாது. அது கெட்டால் சில வேளைகளில் தான் மட்டும் கெடாமல், மதர்போர்டையும் கார்டையும் துணைக்கு அழைத்துக்கொண்டு போய்விடும். கார்டின் பெயரைப் பெரிய எழுத்தில் போட்டுத்தான் தீர வேண்டும், இல்லாவிட்டால் ஒருவரும் வாங்க மாட்டார்கள், பிராசஸரும் அப்படியே. ஆகவே, போட்டி விலைக்காக எங்கேயாவது கை வைத்தாக வேண்டிய வியாபாரி, பெயர் கேட்கப்படாத இடத்தில் கை வைக்கிறார். தயாரித்தவன் பெயரே தெரியாத பெட்டியின்மேல் 750 வாட் என்று ஒட்டியிருக்கும் சீட்டுக்கு எவரும் பொறுப்பாளி அல்லர். ஆர்.டி.எக்ஸ். 4060 போன்ற ஒரு கார்டு கொள்வது 115 வாட்; 65 வாட் வகைப் பிராசஸரையும் மற்றவற்றையும் சேர்த்தாலும் முழுப் பாரத்தில் யந்திரம் கேட்பது இருநூற்றைம்பதை ஒட்டியே இருக்கும். எனவே நல்ல கம்பெனியின் 550 வாட் பெட்டி தாராளமாகப் போதுமானதாகவும், பெயரில்லாத 750 வாட் பெட்டி எதற்கும் போதாததாகவும் இருக்கிற விசித்திரம் நேர்கிறது.

80 பிளஸ் என்றொரு முத்திரை 2004 முதல் வழக்கத்தில் இருக்கிறது. உள்ளே வாங்கும் மின்சாரத்தில் எண்பது சதவீதத்துக்குக் குறையாமல் வெளியே கொடுக்கிறதா என்று பரிசோதித்து, அதற்கு மேற்பட்ட தரங்களுக்கு வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று படி வகுப்பது அது. முத்திரையே இல்லாததைவிட இருப்பது மேல்; ஆனால் அது சிக்கனத்துக்குக் கொடுத்த சான்றே தவிர, காவலுக்குக் கொடுத்ததன்று. மேலும் அந்தப் பரிசோதனை நடப்பது 23 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில். அக்கினி நட்சத்திரத்தில் வேலூரிலோ திருச்சியிலோ, மாடியறையில், மின்சாரம் நின்று நின்று வரும் பிற்பகலில், கண்ணாடியால் மூடிய கேபினெட்டுக்குள் அந்தப் பெட்டி படும் பாட்டைப் பரிசோதித்துச் சொல்ல எந்த முத்திரையும் இல்லை. ஐந்து வருஷமோ அதற்கு மேலோ வாரண்டி கொடுக்கத் துணிகிற கம்பெனியின் பெட்டியைத் தேர்ந்தெடுப்பதுதான், மின்னியல் படியாத சாமான்யனுக்கு அகப்படும் நம்பகமான அளவுகோல்.

மற்றவற்றைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். ரேம் 16 ஜி.பி. என்றால் எட்டும் எட்டுமாக இரண்டு ஸ்டிக் இருக்க வேண்டும். ஒற்றை ஸ்டிக்கில் பாதை பாதியாகிவிடுகிறது, தனிக் கார்டு இல்லாத யந்திரத்தில் இந்த நஷ்டம் கண்ணுக்கே தெரியும். ஜி.டி.ஏ. 5 என்ற விளையாட்டு ஒன்றே நூறு ஜி.பி.க்கு மேல் இடத்தைப் பிடித்துக்கொள்வதால், 512 ஜி.பி. எஸ்.எஸ்.டி. சீக்கிரம் நிறைந்துபோகும், பிற்பாடு இன்னொன்று மாட்ட மதர்போர்டில் இடமிருந்தால் சரி. கேபினெட்டின் முன்புறம் காற்றுப் புகும் வலையாக இருக்க வேண்டும். விளக்குகளைப் பற்றி எனக்கு அபிப்பிராயம் இல்லை.

இதையெல்லாம் கேட்கிறவர்கள், பாகம் பாகமாக வாங்கி நாமே பூட்டிக்கொள்வதுதானே என்பார்கள். சென்னை ரிச்சி தெருவுக்கோ, பெங்களூர் எஸ்.பி. ரோட்டுக்கோ, டில்லி நேரு பிளேஸுக்கோ நடந்துபோகும் தூரத்தில் இருப்பவர்கள் அப்படிச் சொல்வது சுலபம். சிவகங்கையிலோ தருமபுரியிலோ இருக்கிற குடும்பத்துக்கு, ஏழெட்டுக் கம்பெனிகளின் வாரண்டிச் சீட்டுகளைச் சேர்த்துவைத்துக்கொண்டு, கெட்டது எந்தப் பாகம் என்று தாமே கண்டுபிடித்து, அதை எங்கே அனுப்புவது என்று அலைவதைவிட, ஒரே கடையில் ஒரே பில்லுக்கு ஒரே பொறுப்பாளியிடம் வாங்குவது விவேகம். தயார் யந்திரத்தை இகழ்வது கொஞ்ச காலமாக இளைஞர்களிடையே ஒரு நாகரிகமாக இருந்துவருகிறது. அந்த இகழ்ச்சியில் நான் பங்கு கொள்ளவில்லை. 2025-இன் இறுதியில், செயற்கை நுண்ணறிவுக்கென்று எழுப்பப்படும் பிரம்மாண்டமான தரவு மையங்கள் மெமரிச் சிப்புகளை வாரிக்கொண்டு போகத் தொடங்கியதால், ரேமின் சில்லறை விலை சில மாதங்களுக்குள் இரண்டு மூன்று மடங்காக ஏறியது. டிசம்பரில் மைக்ரான் கம்பெனி, குரூஷியல் என்ற பெயரில் தனி நபர்களுக்கு ரேமும் எஸ்.எஸ்.டி.யும் விற்றுவந்த வியாபாரத்தையே கைவிடுவதாக அறிவித்துவிட்டது. இப்படிப்பட்ட வேளையில், முன்பே பழைய விலைக்குச் சரக்கு வாங்கி வைத்திருந்த கடைக்காரர் பூட்டி விற்கும் யந்திரம், நாம் பாகங்களாக வாங்குவதைவிட மலிவாகவே கிடைக்கக்கூடும். ஒரு விஷயத்தில் மட்டும் ஜாக்கிரதை தேவை. பெருங்கம்பெனிகள் விற்கும் சில தயார் யந்திரங்களில் மதர்போர்டும் எஸ்.எம்.பி.எஸ்.ஸும் அந்தக் கம்பெனிக்கே உரிய பிரத்தியேக அளவில் செய்யப்பட்டவை. வெளிக்கடையில் வாங்கியது அவற்றில் பொருந்தாது. நான்கு வருஷம் கழித்து ஒரு பாகத்தை மாற்றலாம் என்ற நம்பிக்கையோடு வாங்குகிறவர்கள் இதை முதலிலேயே கேட்டுத் தெளிந்துகொள்ள வேண்டும்.

ஆகக் கூடி, தயார் யந்திரம் வாங்குவது தவறன்று. பெயரறியாமல் வாங்குவதே தவறு. அந்தத் தவறு வாங்குகிறவன் தலையில் மட்டும் விழ வேண்டியதன்று என்பதற்காகவே இதை எழுதுகிறேன். பத்து ரூபாய் பிஸ்கட் பொட்டலத்தை எடுத்துப் பாருங்கள்: மாவு, சர்க்கரை, எண்ணெய் என்று சேர்ந்த பொருள்கள் எல்லாம் எடையின் இறங்குவரிசையில் எழுதப்பட்டிருக்கின்றன; உப்பச் செய்யும் பொடிக்குக்கூட எண் போட்டிருக்கிறது; எழுதாவிட்டால் உணவுப் பாதுகாப்புச் சட்டம் கேட்கும். அறுபதாயிரம் ரூபாய் யந்திரத்தின் அட்டைப்பெட்டியிலோ, தயாரித்தவர் விலாசமும் மாதமும் அதிகபட்ச விலையும் இருந்தால் போதும். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பொருளின் தரம், அளவு, விலை ஆகியவற்றை அறிந்துகொள்ளும் உரிமை வாங்குகிறவனுக்கு உண்டு என்கிறது. 2020-இல் வந்த மின்வணிக விதிகள், பொருள் எந்த நாட்டில் செய்யப்பட்டது என்பதை இணைய அங்காடிகள் காட்ட வேண்டும் என்று கட்டளையிடுகின்றன. அதன்படி இந்த யந்திரம் இன்ன தேசத்தது என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது. உள்ளே இருக்கும் எஸ்.எம்.பி.எஸ். யாருடையது என்பது மட்டும் தெரிவதில்லை. அந்த விதிகளிலேயே ஒரு பிரிவைச் சேர்த்து, தயாராகப் பூட்டி விற்கும் கணினி ஒவ்வொன்றுக்கும் பிராசஸர், கிராபிக்ஸ் கார்டு, மதர்போர்டு, ரேம், எஸ்.எஸ்.டி., எஸ்.எம்.பி.எஸ். ஆகிய ஆறின் தயாரிப்பாளர் பெயரும் முழு மாடல் எண்ணும், புதியதா பழையதா என்ற குறிப்பும் பில்லிலும் விளம்பரத்திலும் இருக்க வேண்டும் என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை கட்டளையிட்டால், அதனால் அரசாங்கத்துக்கு ஒரு காசு செலவில்லை.

சரக்கு நாளுக்கு நாள் மாறுகிறது, இன்று வந்த எஸ்.எஸ்.டி. நாளை வராது, முன்கூட்டி எப்படி எழுதுவது என்று வியாபாரிகள் ஆட்சேபிப்பார்கள். அந்த ஆட்சேபத்தில் உண்மை இருக்கிறது. ரிச்சி தெருவின் சந்துகளில் ஒரு மணி நேரம் நின்றவர்களுக்கு அது தெரியும். ஆனால் விளம்பரத்தை அச்சிடும் நாளில் தெரியாதது, யந்திரத்தைப் பூட்டி முடித்துப் பில் போடும் வேளையில் தெரிந்தே தீரும். சிறு கடைக்காரர்களில் பலர் இப்போதே ஒவ்வொரு பாகத்தையும் வரிவரியாகப் பில்லில் எழுதித்தான் கொடுக்கிறார்கள். எழுதுகிறவர் நல்ல எஸ்.எம்.பி.எஸ். போட்டதனால் இரண்டாயிரம் ரூபாய் கூடுதலாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. எழுதாத பக்கத்துக் கடைக்காரர் அதைக் குறைத்துச் சொல்லி வியாபாரத்தைத் தட்டிக்கொண்டு போகிறார். விதி வந்தால் முதலில் சுகப்படுகிறவர் அந்த யோக்கியமான வியாபாரியாகத்தான் இருப்பார்.

விதி வரும்வரை, பணம் கொடுப்பதற்கு முன் அந்த ஆறு பெயர்களையும் எழுதித் தரச் சொல்லிக் கேட்பதும், 18 சதவீத ஜி.எஸ்.டி.யை மிச்சப்படுத்தித் தருகிறேன் என்று சொல்லும் துண்டுச்சீட்டை மறுப்பதும் நம் கையில் இருக்கின்றன. பில்லில்லாத பொருளுக்கு வாரண்டி கேட்டுப் போகிறவன் கடைக்காரரின் தயவை நம்பித்தான் நிற்க வேண்டும். இணையத்தில் வாங்கினால், திருப்பியனுப்பும் கெடு பெரும்பாலும் சில நாட்களே ஆகையால், நல்ல நாள் பார்த்துப் பிரிக்கலாம் என்று வைக்காமல் வந்தவுடனே பிரித்து, விண்டோஸின் டாஸ்க் மேனேஜரில் தெரியும் பிராசஸர், கார்டு ஆகியவற்றின் பெயர்களையும் ரேமின் அளவையும் பில்லோடு ஒத்துப்பார்க்க வேண்டும்; எஸ்.எம்.பி.எஸ்.ஸின் பெயர் அங்கே வராது, கேபினெட்டின் பக்கக் கதவைத் திறந்துதான் படிக்க வேண்டும். பிறகு மானிட்டர் கம்பியை எங்கே செருகியிருக்கிறார்கள் என்று பின்புறம் பாருங்கள். மதர்போர்டிலும் ஒரு துளை இருக்கும், அதற்குக் கீழே கார்டிலும் ஒரு துளை இருக்கும். கம்பி மேலே இருந்தால், பணத்தின் மூன்றிலொரு பங்கை விழுங்கிய கார்டு வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கும். 144 ஹெர்ட்ஸ் என்று சொல்லி வாங்கிய மானிட்டரை விண்டோஸ் அநேகமாக 60-இல்தான் தொடங்கி வைத்திருக்கும். டிஸ்பிளே செட்டிங்ஸில் போய் அதை மாற்ற வேண்டும். ரேமை அதற்குரிய முழு வேகத்தில் ஓடவிடும் எக்ஸ்.எம்.பி. என்ற விசையும் பயாஸ் என்ற அடிப்படை அமைப்பில் பெரும்பாலும் அணைந்தே கிடக்கும். பூட்டிக் கொடுத்தவரையே தொலைபேசியில் பிடித்து அதைப் போடும் விதத்தைக் கேளுங்கள்.